மறுமுனையில் யார்? தொலைவழிக் கல்வியும் டிஜிட்டல் திறனும்: ஒரு விளக்கம்

லேப்டாப் தருகிறோம், டேப்லெட் தருகிறோம், ஸ்மார்ட் வகுப்பறை திறக்கிறோம் என்று வளரும் நாடுகளின் அரசுகள் ஒரு பக்கம் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. இன்னொரு பக்கம், கல்வியில் தொழில்நுட்பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று 2023-ல் யுனெஸ்கோ தனி அறிக்கையே வெளியிட்டது. அதே ஆண்டு ஸ்வீடன் அரசு திரையைக் குறைத்துக்கொண்டு அச்சிட்ட பாடநூல்களுக்குப் பணம் ஒதுக்கியது. இரண்டு வகைச் செய்தியையும் அடுத்தடுத்துப் படிக்கும் பெற்றோருக்குக் குழப்பம் வருவது இயல்புதான். பிள்ளைக்குக் கருவி வாங்கித் தருவதா, கையிலிருந்து பிடுங்கி வைப்பதா?

மூன்று தனித்தனி விஷயங்களை ‘டிஜிட்டல் கல்வி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டதால் வந்த குழப்பம் இது. முதலில் மூட்டையை அவிழ்ப்போம்.

மூன்று சொற்கள்

1. கருவிவழிக் கற்றல். வகுப்பறையிலோ வீட்டிலோ கணினி, டேப்லெட், மென்பொருள் ஆகியவற்றின் துணையோடு கணக்கு, தமிழ், அறிவியல் கற்பது. ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கலாம்.

2. தொலைவழிக் கற்றல். ஆசிரியர் ஓரிடம், பிள்ளை வேறிடம். இதற்கு இணையம் கட்டாயமில்லை. வானொலி, தொலைக்காட்சி, தபால், சாதாரண ஃபோன் எல்லாம் இதில் சேரும். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போனது. அப்போது இந்தியாவில் எந்த வீட்டிலும் கணினி இல்லை.

3. டிஜிட்டல் திறன். கருவியையும் இணையத்தையும் கையாளத் தெரிவது. தேடுவது, கிடைத்தது உண்மையா என்று பார்ப்பது, கோப்பை இணைத்து அனுப்புவது, கடவுச்சொல்லைக் காப்பது, ஏமாற்று லிங்கை அடையாளம் காண்பது எல்லாம் இதில் அடக்கம்.

முதல் இரண்டும் கற்கும் வழிகள். மூன்றாவது, கற்க வேண்டிய பொருள். பிள்ளைக்கு டேப்லெட் கொடுத்தால் மூன்றும் ஒருசேர வந்துவிடும் என்ற எண்ணத்தில்தான் பல நாடுகள் பெரும் பணத்தைத் தொலைத்தன.

2020: ஒரே நேரத்தில் உலகம் முழுக்க நடந்த பரிசோதனை

2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளி, கல்லூரிகள் மூடிக்கிடந்தன. யுனெஸ்கோ கணக்குப்படி சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில். பாடம் இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறியது. அந்த ஆகஸ்டில் யுனிசெஃப் சொன்ன கணக்கு: குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவுமே எட்டவில்லை. பள்ளிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு, பள்ளி மூடியதோடு படிப்பும் நின்றது.

இந்தியாவில் அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி இருந்தவை 14.9 சதவீதம். ஆனாலும் பெருந்தொற்றில் குடும்பங்கள் கடன்பட்டாவது ஃபோன் வாங்கின. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் ஏசர் (ASER) ஆய்வின்படி, கிராமப்புறத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் இருந்தவை 2018-ல் 36.5 சதவீதம், 2020-ல் 61.8, 2021-ல் 67.6.

இந்த உயர்வைப் பார்த்து, இனி சிக்கல் தீர்ந்தது என்று எழுதியவர்கள் உண்டு. வீட்டில் ஃபோன் இருப்பது வேறு, பிள்ளை கையில் ஃபோன் இருப்பது வேறு. கட்டட வேலைக்குப் போகும் ஒருவரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரே ஃபோன். காலை ஏழு மணிக்கு அது அப்பாவின் சட்டைப் பையில் சைட்டுக்குப் போய்விடும். எட்டாம் வகுப்பு அக்காவுக்கும் ஐந்தாம் வகுப்புத் தம்பிக்கும் பாடம் பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். அப்பா திரும்ப இரவு ஏழரை. அதற்குள் இரண்டு வகுப்புக் குழுக்களிலும் நூற்றைம்பது செய்திகள். பாதி ‘குட்மார்னிங் மிஸ்’, பாதி மற்ற பிள்ளைகள் அனுப்பிய நோட்டுப் பக்கப் படங்கள். அதற்கு நடுவே ஆசிரியர் அனுப்பிய வீடியோவைத் தேடிப் பிடித்தால், ‘நினைவகம் நிரம்பிவிட்டது’ என்கிறது ஃபோன். எதை அழிப்பது? போன வருஷம் குலதெய்வம் கோயிலில் எடுத்த படங்களையா? டேட்டாவும் இந்நேரம் தீர்ந்திருக்கும். நேரலை வீடியோ வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபியைத் தாண்டி எளிதில் விழுங்கும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜ் இரண்டு பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வீடு கணக்கெடுப்பில் ‘ஸ்மார்ட்ஃபோன் உள்ள வீடு’ என்றுதான் பதிவாகும்.

ஐந்து கண்ணிச் சங்கிலி

தொலைவிலிருந்து ஒரு பாடம் பிள்ளையின் தலைக்குள் போய்ச் சேர ஐந்து கண்ணிகள் அறுபடாமல் இருக்க வேண்டும்.

1. மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை போனது. அந்த ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டால் பள்ளிகளை மூடி மறுபடியும் இணையவழிக்குப் போகச் சொன்னார்கள். மின்சாரமே நிச்சயமில்லாத நாட்டில் இணையவழிப் பாடம் மாற்று ஏற்பாடாக எவ்வளவு தாங்கும்?

2. கருவி. வீட்டில் இருப்பதும், பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் கிடைப்பதும்.

3. இணைப்பு. பள்ளிகளிலேயே இது பாதிதான். உலக அளவில் தொடக்கப் பள்ளிகளில் 40 சதவீதத்துக்கே இணையம் உண்டு என்கிறது யுனெஸ்கோவின் 2023 அறிக்கை. இந்தியாவில் இணையம் உள்ள பள்ளிகள் 2023-24-ல் 53.9 சதவீதம், 2024-25-ல் 63.5 சதவீதம். ஏறுமுகம்தான்; ஆனால் இந்தக் கணக்கு ‘இணைப்பு உண்டா’ என்று கேட்கிறது, நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் அந்த இணைப்பு தாங்குமா என்று கேட்பதில்லை.

4. மொழியும் தரமும். பாடம் பிள்ளையின் மொழியில், பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

5. ஆள். பிள்ளை தவறாகப் போட்டால் ‘எங்கே பிசகியது’ என்று பார்த்துச் சொல்ல ஒருவர்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒவ்வொரு கண்ணியும் நூற்றில் எண்பது பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்பது சதவீதம் என்பது நல்ல மதிப்பெண் போலத் தெரியும். ஐந்தையும் பெருக்கினால் 33 பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள். உண்மையில் கண்ணிகள் இப்படித் தனித்தனியாக அறுவதில்லை. மின்சாரம் சரியில்லாத வீட்டில்தான் கருவியும் இல்லை, சொல்லித் தரப் படித்தவரும் இல்லை. எண்பது பேருக்கு ஐந்தும் கிடைத்துவிடும், மீதி இருபது பேருக்கு ஒன்றுமே இருக்காது என்ற நிலையும் வரலாம். சராசரியைக் காட்டி நிம்மதி அடைகிற அறிக்கைகளில் இந்த இருபது பேர் தெரிவதே இல்லை.

அரசுகளின் பணம் பெரும்பாலும் இரண்டாவது கண்ணிக்கே போகிறது. காரணம் எளிது. கருவியை டெண்டர் விட்டு வாங்கலாம், மேடையில் கொடுக்கலாம், எண்ணிக் காட்டலாம். ஐந்தாவது கண்ணியை அப்படி வாங்க முடியாது.

பெரு: இரண்டாவது கண்ணியை மட்டும் பலப்படுத்தினால்

‘பிள்ளைக்கு ஒரு லேப்டாப்’ என்ற உலகத் திட்டத்தில் மிகப் பெரிய அளவில் இறங்கிய நாடுகளில் ஒன்று தென் அமெரிக்காவின் பெரு. ஆண்டிஸ் மலைக் கிராமங்கள் உட்பட எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சிறிய லேப்டாப்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 டாலர். 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, லேப்டாப் போன பள்ளிகளையும் போகாத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். 2012-ல் முடிவு வந்தது: கணக்கிலும் மொழிப் பாடத்திலும் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. பிள்ளைகளுக்கு லேப்டாப்பை இயக்கத் தெரிந்திருந்தது. அது உண்மையான பலன்தான். ஆனால் வாசிப்பு அப்படியே நின்றது.

கருவி மோசமில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணையம் இல்லை. ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சி குறைவு. பாடத்தோடு லேப்டாப்பை எங்கே சேர்ப்பது என்று யாரும் காட்டவில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பல பள்ளிகள் வீட்டுக்கே கொடுத்தனுப்பவில்லை. ‘பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள்’ என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய திட்டம் அது.

அந்த நம்பிக்கைக்கு இந்தியாவிலும் ஒரு கிளை உண்டு. 1999-ல் டெல்லியின் கால்காஜியில் சுவரில் துளை போட்டுக் கணினி வைத்துப் பார்த்தவர் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா. யாரும் சொல்லித் தராமலே குடிசைப் பிள்ளைகள் கணினியை இயக்கக் கற்றார்கள். பின்னர் தமிழ் பேசும் ஒரு கடலோரக் கிராமத்தில், ஆங்கிலத்தில் இருந்த உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைக் கணினியில் வைத்துப் பார்த்தார். பிள்ளைகள் தாமாகவே 30 சதவீதம் வரை வந்தார்கள். பிறகு பாடம் தெரியாத, ஆனால் பிள்ளைகளோடு சிநேகமான உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பக்கத்தில் நிற்கவைத்து, ‘அட, இது எப்படி? எனக்கும் காட்டேன்’ என்று கேட்கச் சொன்னார். மதிப்பெண் 50-ஐத் தொட்டது. சிறிய சோதனைதான், பெரிய முடிவு எதையும் இதன் மேல் கட்டக்கூடாது. ஆனால் தானே கற்றலின் முதன்மை ஆதரவாளருக்கே கூடுதல் இருபது மதிப்பெண்ணுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

வேலை செய்தவை: பதில் கேட்கும் பாடங்கள்

தொலைவழிக் கற்றல் எங்கெல்லாம் பலன் தந்தது என்று பார்த்தால், கருவிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. வானொலி, பழைய பட்டன் ஃபோன், கணினி. ஆனால் எல்லாவற்றிலும் பிள்ளை பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏற்ப அடுத்தது நடக்கும்.

நிகரகுவா வானொலி. 1970-களின் நடுவில் அங்கே தொடக்கப் பள்ளிகளுக்கு வானொலியில் கணக்குப் பாடம் நடத்தினார்கள். சாதாரண ஒலிபரப்பைப் போல ஒருவர் பேசிக்கொண்டே போகவில்லை. வானொலி கேள்வி கேட்கும். சில நொடி மௌனம். வகுப்பு முழுவதும் சத்தமாகப் பதில் சொல்லும். வானொலி சரியான விடையைச் சொல்லும். அரை மணி நேரப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பலமுறை வாய் திறந்தாக வேண்டும். கணக்கு மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. அந்த மௌனத்தை வைக்கத் தெரிந்ததுதான் அவர்கள் கண்ட தொழில்நுட்பம் என்பேன்.

போட்ஸ்வானா ஃபோன். 2020-ல் பள்ளி மூடியபோது சுமார் 4,500 குடும்பங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தியில் கணக்குகள் போயின. இன்னொரு பிரிவுக்கு அதே குறுஞ்செய்தியோடு, வாரம் ஒருமுறை 15–20 நிமிட ஃபோன் அழைப்பும். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. ஸ்மார்ட்ஃபோனோ டேட்டாவோ வேண்டாம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார வேண்டும்; மறுமுனையில் இருப்பவர் ஒரு கணக்கைச் சொல்லி, பிள்ளை எப்படிப் போடுகிறது என்று கேட்பார், தப்பைத் திருத்துவார். குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிரிவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அழைப்பும் சேர்ந்த பிரிவு முன்னேறியது: 0.12 திட்ட விலக்கம்.

திட்ட விலக்கம் என்றால் என்ன? மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு. வெவ்வேறு தேர்வுகளின் விளைவை ஒப்பிட ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தினால், நடுவில் 50-வதாக நிற்கும் பிள்ளை 0.12 முன்னேற்றத்தால் ஏறத்தாழ 45-வது இடத்துக்கு வருவான். எட்டு வார ஃபோன் அழைப்புகளுக்கு இது சிறிய விஷயமில்லை. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் இதே முறையைப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை.

டெல்லி மென்பொருள். நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி முடிந்ததும் ஒரு மையத்துக்கு வந்து, பாதி நேரம் கணினியிலும் பாதி நேரம் சிறு குழுவில் ஓர் உதவியாளரோடும் படித்தார்கள். அந்த மென்பொருள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தைக் காட்டவில்லை. முதலில் சோதித்தது. சராசரி ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் இரண்டரை வகுப்பு பின்னால் நின்றது. அங்கிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37 திட்ட விலக்க முன்னேற்றம்: 50-வது இடத்திலிருந்து சுமார் 36-வது இடம்.

இதோடு ஒருவழித் தொலைக்காட்சியை ஒப்பிடுங்கள். தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே, கொரோனாவுக்கு முன்பே, தொடங்கியது. ஃபோன் இல்லாத வீடுகளுக்கும் பாடத்தைக் கொண்டுபோனது அதன் பெரிய பலம். அதை நடத்தியவர்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் பத்தாம் நிமிடத்தில் புரியாமல் போன பிள்ளை கை தூக்க அதில் இடமில்லை. மீதி இருபது நிமிடம் படம் ஓடிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் இழந்ததும் மீட்டதும்

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1-ல் திறந்தன. கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளை ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் வீடு வீடாகச் சோதித்தார்கள். பெருந்தொற்றுக்கு முன் அதே ஊர்களில், அதே வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் அவர்களிடம் இருந்ததால் ஒப்பீடு சாத்தியமானது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கில் 0.7 திட்ட விலக்கமும், தமிழில் 0.34-ம் பின்தங்கியிருந்தார்கள். முன்பு சொன்ன வரிசையில், கணக்கில் 50-வதாக நின்ற பிள்ளை 75-வது இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பதற்குச் சமம்.

அடுத்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. பெரும் பங்கு, பள்ளி திறந்ததன் பலன். மீட்பில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் வந்தது என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருவில் வாழும் படித்த பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் பிள்ளைகளைத் திண்ணையிலோ சமுதாயக் கூடத்திலோ உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்கள். கோணிப்பை விரிப்பு, கரும்பலகைத் துண்டு, கதைப் புத்தகம். ‘நேத்து ஏன்டா வரல?’ என்று வீட்டுக்கே வந்து கேட்கும் அக்கா.

இழப்பை ஈடுகட்டியது கூடுதல் டேட்டா இல்லை என்பதைக் கவனியுங்கள்; கூடுதல் ஆட்கள். ஐந்தாவது கண்ணியை வாங்க முடியாது என்று மேலே சொன்னேன். கட்ட முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

டிஜிட்டல் திறன்: ரீல்ஸ் பார்க்கத் தெரிவது போதாது

இப்போது மூன்றாவது சொல். ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது கல்விக்கானது. அதன் ஓர் அளவுகோல், இளைஞர்களில் எத்தனை பேருக்குக் கணினித் திறன் இருக்கிறது என்பது. அதற்குக் கேட்கும் கேள்விகள் மிகச் சாதாரணமானவை: கோப்பை நகலெடுத்து ஒட்டத் தெரியுமா, மின்னஞ்சலில் கோப்பு இணைக்கத் தெரியுமா, அட்டவணையில் ஒரு கூட்டல் சூத்திரம் போடத் தெரியுமா?

இவை ஏன் முக்கியம்? பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்வோம். 2018 முதல் அது முழுக்க இணையவழி. அதற்கு முன்பு மாணவர் சென்னைக்குப் போய், திரையில் காலியிடம் பார்த்து, ஒரு கல்லூரியைச் சொன்னால் போதும். அலைச்சல் அதிகம், செலவு அதிகம். இணையவழி வந்தது நல்லதே. ஆனால் இப்போது ஒரு கிராமத்து மாணவி செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள். பெயரைப் பதிந்து கடவுச்சொல் உருவாக்க வேண்டும். சான்றிதழ்களைக் குறித்த அளவுக்குள் சுருக்கி ஏற்ற வேண்டும். கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவுக் குறியீடு பார்த்து விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும். வரிசை மாறினால் கிடைக்கும் இடமும் மாறும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நாட்களுக்குள் ‘ஏற்கிறேன்’, ‘ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன்’, ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். நாள் தவறினால் இடம் போய்விடும்.

தினமும் மூன்று மணி நேரம் ஃபோனில் இருக்கும் பெண்தான் அவள். ஆனாலும் பிரவுசிங் சென்டருக்குப் போகிறாள். அங்கிருப்பவர் ஐந்து நிமிடத்தில் எல்லாம் செய்துவிடுகிறார். அவர் வைத்த கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். அவசரத்தில் தன் ஃபோன் எண்ணையே போட்டுவிடுகிறார். ஒதுக்கீடு வந்த அன்று ஓடிபி அந்தக் கடைக்காரர் ஃபோனுக்குப் போகும். கடை அன்று திறந்திருக்க வேண்டும். கட்டணமில்லாச் சேவை மையங்களை அரசு நடத்துவது பெரிய உதவி. ஆனால் மையத்தை நம்பி நிற்கும் நிலையே பள்ளி விட்ட இடைவெளி எது என்று காட்டிவிடுகிறது.

2023 ஏசர் ஆய்வு 14 முதல் 18 வயது கிராமப்புற இளைஞர்களிடம் இதைச் சோதித்தது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்கள். மூன்று முடிவுகள் முக்கியம்:

1. ஏறத்தாழ 90 சதவீத வீடுகளில் ஸ்மார்ட்ஃபோன் உண்டு. அதை இயக்கத் தெரிந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு. அணுகல் என்ற பழைய கேள்விக்குப் பெரும்பாலும் விடை வந்துவிட்டது.

2. பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்த ஃபோன் வைத்திருந்த ஆண்கள் 43.7 சதவீதம், பெண்கள் 19.8 சதவீதம். அலாரம் வைப்பது, வரைபடத்தில் வழி தேடுவது, தகவல் தேடுவது ஆகிய வேலைகளில் பெண்கள் பின்தங்கினார்கள். அண்ணனிடம் கேட்டு வாங்கி, அவன் பார்க்கும்போதே பத்து நிமிடத்தில் திருப்பித் தரும் ஃபோனில் யாரும் துழாவிக் கற்க முடியாது. துழாவாமல் இந்தத் திறன் வராது.

3. நான்கில் ஒருவருக்கு, தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடச் சரளமாக வாசிக்க வரவில்லை.

மூன்றாவதுதான் என்னை உலுக்குவது. ‘உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே இந்த லிங்கைத் தொடவும்’ என்று வரும் செய்தியில் எழுத்துப் பிழையைக் கண்டு சந்தேகப்பட, முதலில் வாசிக்க வர வேண்டும். வாசிப்பு இல்லாமல் டிஜிட்டல் திறன் என்பது, படத்தைத் தொட்டுத் தொட்டுப் போவதோடு நின்றுவிடும். உலக அளவிலும் அடித்தளம் இப்படித்தான் இருக்கிறது: குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுப் பிள்ளைகளில் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாதவர்கள் பெருந்தொற்றுக்கு முன் 57 சதவீதம், 2022-ல் உலக வங்கியின் மதிப்பீடு 70.

இங்கே மொழியும் குறுக்கே நிற்கிறது. தமிழ்99 விசைப்பலகை அரசின் தரமாகி இருபத்தைந்து ஆண்டு கடந்துவிட்டது. அதில் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கும் பள்ளி எத்தனை? ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லாத பழைய எழுத்துருவில் தயாரித்த வினாத்தாள் இன்னொரு கணினியில் கோழி கிளறியதுபோல் திறக்கிறது. தேடவும் முடியாது, பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பானால் வாசிக்கவும் முடியாது.

அடுத்த அறிவிப்பு வரும்போது

கருவித் திட்டங்கள் இனியும் வரும். கென்யாவில் 2013 தேர்தலில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு லேப்டாப் என்று வாக்குறுதி தந்தார்கள். டெண்டர் சிக்கல்களைத் தாண்டி 2016-ல்தான், அதுவும் டேப்லெட்டாக மாறி, பள்ளிகளுக்குப் போகத் தொடங்கியது. தாமதம் ஒரு பக்கம் இருக்க, எந்தத் திட்டத்திடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. மூன்றாம் ஆண்டில் என்ன? பேட்டரி அப்போதுதான் சாகும். பழுதுபார்க்கத் தனி நிதி உண்டா, ஊரில் ஆள் உண்டா?

2. ஆசிரியருக்கு நேரம் உண்டா? ஒருநாள் பயிற்சியும் சான்றிதழும் போதாது. ஏற்கெனவே வருகைப்பதிவு, உணவுக் கணக்கு, நலத்திட்ட விவரம் என்று செயலிகளில் பதிவேற்றியே ஆசிரியரின் முதல் பாடவேளை கரைகிறது. டிஜிட்டல் வேலை கூடுவதும் டிஜிட்டல் கற்பித்தல் கூடுவதும் ஒன்றல்ல.

3. பிள்ளையின் தகவல் எங்கே போகிறது? 49 நாடுகளில் அரசுகள் பரிந்துரைத்த 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022-ல் ஆராய்ந்தது. பத்தில் ஒன்பது, பிள்ளைகளின் தகவலைச் சேகரித்த விதம் அவர்கள் உரிமைக்கு ஆபத்தாகவோ மீறலாகவோ இருந்தது. ‘இலவசம்’ என்று வரும் செயலியிடம் இதை முதலில் கேட்க வேண்டும்.

4. மறுமுனையில் யார்? பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அது யாருக்குத் தெரியும், எத்தனை நாளில் தெரியும்?

நான்காவது கேள்விக்கு விடை வைத்திருக்கும் நாடு ஒன்று பெருவின் அதே கண்டத்தில் இருக்கிறது. 34 லட்சம் மக்கள் வாழும் உருகுவே, 2007-ல் தொடங்கிய ‘சைபால்’ திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் லேப்டாப் கொடுத்தது. பள்ளிகளுக்கு இணையமும் பழுதுபார்க்க அமைப்பும் கூடவே வந்தன. பின்பு ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை தலைதூக்கியது. 2012-ல் ஒரு வழி கண்டார்கள். வாரம் ஒருமுறை, வகுப்பறைத் திரையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் நேரலையில் வருவார். அவர் அர்ஜென்டினாவில் இருக்கலாம், பிலிப்பைன்ஸில் இருக்கலாம். மீதி இரண்டு வகுப்புகளை ஊரிலேயே இருக்கும் வகுப்பாசிரியர் நடத்துவார். அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஆனால் யார் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்கிறாள், யாருக்கு நேற்று வீட்டில் பிரச்சினை, கடைசி வரிசையில் யார் தூங்குகிறான் என்பது அவருக்குத்தான் தெரியும். திரையில் இருப்பவரும் வகுப்பில் இருப்பவரும் பாடத்துக்கு முன் கலந்து பேசித் திட்டமிடுகிறார்கள். வகுப்பு நடக்கும்போது அந்த ஆசிரியரும் பிள்ளைகளோடு சேர்ந்து ஆங்கிலம் கற்கிறார்.